யோம் கிப்பூர் வாழ்த்து

லண்டன் ஈஸ்ட் ஹாம் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறியத்தருவது: யூதப் பண்டிகைகளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பும் முறையைக் கரைத்துக் குடித்தவர் நம்மிடையே ஒருவர்தான். அவர் பாலேந்திரா.

முதலாளி கிரீன்பேர்குக்கு அவர் அனுப்பிய அட்டையில் பலூன்கள் பறந்தன. ‘யோம் கிப்பூரைக் கொண்டாடி மகிழுங்கள்!’

“ஐயோ, அது பாவமன்னிப்புக் கேட்டு விரதமிருக்கிற நாளப்பா!” என்றாள் மனைவி சந்திரவதனா. “பக்கத்து வீட்டு மனிசி இப்பதான் சொன்னவ. திவசத்துக்குக் கேக் வெட்டின மாதிரியெல்லோ!”

“எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்பினனான்.”

சொல்லிவிட்டு விசாத் தாள்களைத் தேடி எடுத்தார். ஹோம் ஒஃபிசுக்கு முதலாளி கடிதம் கொடுக்காவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். மேசையில் பலூன் அட்டை.

“மன்னித்துவிடுங்கள்,” என்றார் முதலாளி.

“நீங்களா, சேர்?”

“இந்த நாளுக்கு முன் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நீங்கள் இந்து என்று நேற்றுத்தான் தெரிந்தது. முஸ்லிம் என்று நினைத்து மூன்று வருடமாக உங்களுக்கு நோன்புப் பெருநாள் அட்டை அனுப்பியிருக்கிறேன். மனம் புண்பட்டிருக்கும். ஹோம் ஒஃபிஸ் கடிதம் இதோ.”

பாலேந்திரா பெருந்தன்மையோடு மன்னித்தார்.

அந்த மூன்று அட்டைகளும், பிறை இருந்ததால் சிவபெருமானுடையவை என்று, அவர் வீட்டுச் சாமியறையில் இருக்கின்றன.