இல்லாத பிரேக்

விளையாட்டு சிகிச்சை அறையில் சாயங்கால வெயில் குட்டி மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் முகவாயை முட்ட, அப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த வண்டியிலேயே காலம் தள்ளுகிறவர். "சொல்லிக்கொடுக்காதீங்க, தடுக்காதீங்க. பாப்பா செய்யறதைப் பார்த்து அதை மட்டும் சொல்லுங்க," என்று சிகிச்சையாளர் சொல்லியிருப்பதால் வாயை எப்படியோ கட்டிவிட்டார். வலது கால்தான் அடங்கவில்லை. இந்த அறையில் இதுவரை வாயே திறக்காத மகள், சிவப்புப் பொம்மைக் காரை மேசை விளிம்புக்குத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கால் வெறுந்தரையை அழுத்தி மிதிக்கிறது. அவள் அதைக் கவனித்துவிடுகிறாள். தள்ளுகிறாள், கால் மிதிக்கிறது, காரை நிறுத்துகிறாள். மறுபடியும் தள்ளுகிறாள், மறுபடியும் மிதி. அவள் உதட்டோரத்தில் குறும்பு எட்டிப் பார்க்கிறது. எழுந்து வந்து, அப்பாவின் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பாதத்தின்மேலேயே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டிக் காரை ஒரே தள்ளாகத் தள்ளுகிறாள். டமால். அவளுக்கு அடியில் பெருவிரல் மட்டும் நெளிகிறது. "கார்... கீழ விழுந்துடுச்சு," என்கிறார் அப்பா, சொல்லிவைத்தபடியே, பரிதாபமாக. மகள் அண்ணாந்து பார்த்து அவர் முழங்காலைத் தட்டிக்கொடுக்கிறாள். "பயப்படாதப்பா. நான்தானே ஓட்டறேன்."