கதவில்லாத கம்பெனி

கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்ல உறுமியது.

விருதுக் குழுத் தலைவர் நின்றார். அவர் நின்றதும் கூட வந்த புகைப்படக்காரரும் நின்றார். கைகளை விரித்துப் பேசியபடி முன்னால் நடந்த முதலாளி மட்டும் இன்னும் நாலு எட்டு போய், கேட்க ஆளில்லை என்று தெரிந்து திரும்பி வந்தார்.

"கதவே இல்லாத கம்பெனின்னீங்க? ஏதோ கதவுக்குப் பின்னாடி உறுமுதே?"

அப்படித்தான் முதலாளி சொன்னார். சற்று முன்பு, வரவேற்பறைச் சுவரில் படம் போல் மாட்டியிருந்த ஒரு கதவின் முன் நின்று சொன்னார். அது அவருடைய அறைக் கதவு. நம்பிக்கைக்கு எதற்குக் கதவு என்று ஒருநாள் அவரே கழற்றியது. அன்றே அந்தத் தலையணைக் கம்பெனி முழுக்க மற்ற கதவுகளும் கழன்றன. கழிவறைக்கு மட்டும் விலக்கு. அதுவும் பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு.

கழற்றிய கதவின் சாவிக்கு நீல நாடா கட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்த மேடை என்றாலும் கடைசியில் அதை உயர்த்திக் காட்டி, "இந்தச் சாவிக்கு இப்ப கதவு கிடையாது" என்பார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

கம்பெனிக்குள் அவருக்குப் பெயர் 'திறந்தவெளி'.

இன்று 'கருணைத் தலைமை' விருதுக்கான கடைசிச் சுற்று. கிடங்கில் வெறும் தலையணைதான் இருக்கிறது, தும்மல் வரும் என்று முதலாளி எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். தலைவர் கேட்கவில்லை. சத்தம் வந்த திசையில் மூக்கை நீட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

கூரைவரை அடுக்கிய தலையணைகளுக்குப் பின்னால் ஒரு மூலை அறை. அதன் கதவில் முதுகைச் சாய்த்துப் பேக்கிங் அக்கா நின்றிருந்தாள். சாவி இல்லாத கதவு. உள்ளே ஆள் இருக்கும்போதெல்லாம் அக்காதான் பூட்டு.

உள்ளே இருந்தது கணக்குப் பிரிவுப் பெண். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவள். மதியமானால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். உறுமும் ஒரு சின்னக் கருவி வைத்து எடுத்தாக வேண்டும். கொஞ்ச நாள் கழிவறையில் நின்றுகொண்டே எடுத்தாள். பிறகு, வேலையே வேண்டாம் என்று அக்காவின் தோளில் அழுதாள்.

முதலாளியிடம் கேட்டிருந்தால் தனியறை கொடுத்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை. கொடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அவளை மனம் திறந்து பேசச் சொல்லியிருப்பார். படம் எடுக்கவும் ஆள் வைத்திருப்பார்.

அதனால் யாரும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் கம்பெனித் தச்சர் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த கதவை இறக்கினார். அதே நிறத்தில் பிளைவுட்டில் ஒன்று செய்து அங்கே மாட்டினார். அசலைத் தூக்கிவந்து இந்த அறைக்கு வைத்தார். அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகள் எல்லாம் நகலுக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"உள்ள என்னம்மா சத்தம்?" என்றார் தலைவர்.

"பூட்டியிருக்கு சார்" என்றாள் அக்கா.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. தலைவருக்கு ஆவல் கூடியது. முதலாளி பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எங்க, அந்த நாடா கட்டின சாவியப் போட்டுப் பாருங்களேன். யாரு கண்டா, பொருந்தினாலும் பொருந்தும்!"

புகைப்படக்காரரும் சிரித்துக்கொண்டே கேமராவை உயர்த்தினார். அக்கா சிரிக்கவில்லை. பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளி சாவியைப் பார்த்தார். அக்காவின் இடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்த சாவி ஓட்டையைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. உள்ளே உறுமலும் நிற்கவில்லை.

"பொருந்தும்" என்றார். "இது என் ரூம். யாரையும் உள்ள விடறதில்ல."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப இந்தச் சத்தம்?"

"மசாஜ் நாற்காலி. முதுகுவலி."

"ஆளே இல்லாம ஓடுது?"

"முதல்ல சூடேறணும்ல."

தலைவர் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். காபி வேண்டாம் என்றார். கூட வர வேண்டாம், வழி தெரியும் என்றார். கதவில்லாத கம்பெனியிலிருந்து வெளியே போவதுதான் எவ்வளவு சுலபம்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா மூச்சு விட்டாள்.

"மசாஜ் நாற்காலியா சார்?"

"வாயில அதுதான் வந்துச்சுக்கா."

"இது உங்க கதவுன்னு இப்பதான் தெரிஞ்சுதா?"

"அங்க மாட்டியிருக்கறதுல சாவி ஓட்டையே இல்லையே. தினம் காலையில அதத் தொடைக்கிறவன் நான்தானே?"

தச்சர் போட மறந்த ஓட்டை. எத்தனை படங்கள், எத்தனை கைதட்டல்கள், யார் கண்ணிலும் படாத ஓட்டை. இந்த மனிதர் கிடங்குப் பக்கமே வராமலிருந்ததைப் பஞ்சுத் தூசிக்குப் பயம் என்று அல்லவா எல்லோரும் பேசிக்கொண்டார்கள்?

பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் சாவியக் குடுக்கலையே சார்? நான் இங்க கால் கடுக்க நிக்கறேன்."

முதலாளி நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"மேடையில காட்ட என்கிட்ட வேற என்னக்கா இருக்கு?"

உறுமல் நின்றது. சற்று நேரத்தில் கதவு திறந்து, கணக்குப் பிரிவுப் பெண் பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தாள். யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சாவி இருந்தது.

நாடாவை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்.