அங்க அடையாளம்

ஓர் ஆள் இன்னார்தான் என்பதற்கு லேசர் கிளினிக்கில் விலை, மச்சம் ஒன்றை நீக்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கறிவேப்பிலைக் கொசுறுக்கே அரை மணி நேரம் மல்லுக்கட்டும் சபாபதி, இன்று பேரம் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தான். அவன் மனைவி கோமளவல்லி பணத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மூக்குல ஓடுற செவப்பு நரம்பை எடுக்கத்தானங்க வந்தோம்?”

“மூக்கு கெடக்கட்டும். கழுத்துல ஒண்ணு, மணிக்கட்டுல ஒண்ணு. அது போதும் டாக்டர்.”

அவன் கையிலிருந்த தாளை அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய பள்ளிச் சான்றிதழின் நகல். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் அந்த இரண்டு மச்சங்களையும் பென்சிலால் சுழித்திருந்தான்.

“மூணு வாரத்துல தடமே தெரியாது,” என்றார் டாக்டர்.

“அதுக்குத்தான் நாலாவது வாரம் படகு சொல்லியிருக்கேன். இவ கடலைப் பாத்ததே இல்ல.”

ரசீது வந்தது. மச்சம் இரண்டு, ரூபாய் மூவாயிரம், பாக்கி இல்லை.