பிரிக்காத அட்டைகள்

வயதான அம்மா ஒருவர் நீட்டிய பையை மருந்துக் கடைக்காரர் கவிழ்த்துப் பார்த்தார். மூன்று மாதத்துக்கான மாத்திரைகள். ஓர் அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை.

"திருப்பி எடுத்துக்குவீங்களா தம்பி? என் பையன் வாங்கினது," என்றார் அந்த அம்மா.

கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மனசுக்குக் கொடுக்கிற மருந்தும்மா இது! நல்லாயிருக்கேன்னு பாதியில நிறுத்தினா பழையபடி வந்து நிக்கும். பக்கத்துல இருந்து பார்த்துக்க வேண்டாமா?"

"ஒரு நாளும் தவறவிட்டதில்ல தம்பி. காலையில மாத்திரை வேலை முடிஞ்சாத்தான் ஆபீசுக்கே கிளம்புவான். பதினோரு வருஷமா அப்படித்தான்."

"அப்புறம் எப்படிம்மா இத்தனை மிச்சம்? உங்க பையன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு. கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

அந்த அம்மா கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வாங்கி வச்ச மறுநாளே அவன்மேல லாரி மோதிடுச்சு தம்பி. போயிட்டான். மருந்து எனக்குத்தான். கையில எடுத்துக் கொடுத்து, நான் முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பான்."

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். போனைக் கையில் எடுத்தபடி மெல்லக் கேட்டார்:

"உங்க டாக்டர் யாரும்மா? நம்பர் இருக்கா?"

"அதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்," என்றார் அந்த அம்மா.