பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

"ரெண்டு வாரம் முன்ன வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கினு குடும்பத்தோட எங்க போனீங்க, தம்பி?"

கையில் ஒரு இன்லண்டு லெட்டரோடு வாசலில் நின்று கேட்டாள் வீட்டுக்காரம்மா அஞ்சம்மாள்.

"மேல்மலையனூருக்குங்க. அமாவாசைக்கு" என்றான் அரங்கநாதன்.

"அமாவாசை நாளைக்குத்தானே?"

அரங்கநாதன் மாட்டிக்கொண்டான். மெட்ராஸில் வாங்கிய புது ஃபிளாட்டில் அன்று பால் காய்ச்சிவிட்டு, வாடகைக்கு விடச் சொல்லிப் புரோக்கரிடம் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டையும் சாவியையும் கொடுத்திருந்தான். சொந்த வீடு இருப்பது தெரிந்தால் இந்த அம்மாள் கிளம்பச் சொல்லிவிடுவாள். வேலையும் பிள்ளைகளின் படிப்பும் திண்டிவனத்தில் இருக்கும்போது எங்கே போவது?

இனி மறைத்துப் பயனில்லை. உண்மையைச் சொன்னான்.

"அந்த வாடகையிலதாம்மா லோன் கட்டணும். நாங்க இங்கியேதான் இருப்போம். எங்களைக் காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க."

"யாரு சொன்னா? தையில வாடகை ஏத்தலாம்னு இருந்தேன். அதுகூட இப்ப ஏத்தப்போறதில்ல."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏம்மா?"

அஞ்சம்மாள் லெட்டரை நீட்டினாள்.

"எம்பொண்ணு எழுதியிருக்கா. மெட்ராஸ்ல புதுசா குடி போன ஃபிளாட்டு அக்ரிமெண்டுல, ஓனர் விலாசம்னு நம்ம வீட்டு நம்பர் இருந்துச்சாம்." அவள் குரல் தாழ்ந்தது. "அவங்களைக் காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க, தம்பி."