அறுபத்து மூன்று வரிசை

"மேலேர்ந்து விழுது பாரு, திருப்பு, சீக்கிரம் திருப்பு" என்று ஹேமந்த் கத்திய கத்தலில் வாசல் செக்யூரிட்டி மணல் வாளியோடு கேன்டீனுக்குள் ஓடி வந்தார். விழுந்துகொண்டிருந்தவை திரையில் வெறும் வண்ணக் கட்டங்கள் என்று தெரிந்ததும், வாளியை ஓரமாக வைத்துவிட்டு அவரும் வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார்.

ஆம்பூர் பக்கத்திலுள்ள அந்த ஷூ கம்பெனிக்கு ஹேமந்த் எச்.ஆர். மேனேஜராக வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தோலைப் பற்றி அவர் அறியாதது எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்ததுதான் இல்லை.

கட்டிங் சூப்பர்வைசர் வேலை காலி. வெளிநாட்டுக்குப் போன அறுநூறு ஜோடி ஷூக்கள் தோலில் குறை என்று அப்படியே திரும்பி வந்ததில், பழைய சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய்விட்டார்.

போட்டியில் இரண்டு பேர். இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே தோல் வெட்டும் கன்னியப்பன் ஒருவர். எம்.பி.ஏ. முடித்துவிட்டு, தோல் வெட்டுவதைப் பற்றி ஏ.சி. அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் நவீன்குமார் இன்னொருவர்.

இருவரில் யார் என்று விஞ்ஞான ரீதியில் முடிவு செய்ய, வேலூரில் மூடிப்போன ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து இந்தப் பழைய பெட்டியை மினி லாரியில் ஏற்றி வந்திருந்தார் ஹேமந்த்.

"எண்பத்து நாலுல, மாஸ்கோல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல பொறந்த கேம் சார் இது" என்று முதலாளி நசீர் அகமதுவுக்கு வகுப்பெடுத்தார். "நாலு கட்டம் சேர்ந்தா ஒரு துண்டு. மொத்தம் ஏழு விதம். இடுக்கு இல்லாம அடுக்கணும். வரிசை ரொம்புனா மறைஞ்சிடும், ரொம்பாம மேல முட்டுச்சுன்னா அவுட். தோல் மேல அச்சை நெருக்கி வெச்சு வெட்டுறதும் இதே கணக்குதான் சார். வேஸ்ட் கம்மி."

முதலாளி தலையாட்டினார். லாரி வாடகை கொடுத்தாகிவிட்டதே, வேறென்ன செய்வார்?

முதலில் ஆடிய நவீன் அறுபத்து மூன்று வரிசைகளை மறைய வைத்தான். கல்லூரியில் வகுப்புக்குப் போகாமல் கற்ற வித்தை வீண்போகவில்லை. ஹேமந்த் கைதட்டினார்.

அடுத்து கன்னியப்பன். நாற்காலி இருந்தும் நின்றார். வெட்டுவதற்கு முன் தோலைத் தடவிப் பார்ப்பதுபோலத் திரையை உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"கும்பிட்டது போதும், ஆரம்பிங்க" என்றார் ஹேமந்த்.

இந்த வேலை கிடைக்காவிட்டால், நவீனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டு அவனையே 'சார்' என்று கூப்பிடும் பாக்கியம் கன்னியப்பனுக்குக் கிடைக்கும்.

துண்டுகள் விழ விழ, சரக் சரக்கென்று திருப்பி நெருக்கமாக அடுக்கினார். ஆனால் இடமிருந்து மூன்றாவது கட்டத்துக்கு நேராக மட்டும் கீழிருந்து மேல்வரை ஒரு சந்து காலியாகவே கிடந்தது. ஒரு வரிசைகூட மறையவில்லை. இரண்டே நிமிடத்தில் பெட்டி ஒப்பாரி வைத்து ஓய்ந்தது.

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ் சார்" என்றார் ஹேமந்த். "மொத்தமே முட்டை."

முதலாளி கன்னியப்பனைப் பார்த்தார். "இன்னாப்பா, அந்த ஒரு எடத்த மட்டும் ஏன் உட்டுட்டே?"

"கண்ணாடில அந்த எடத்துல பொடி மயிராட்டம் ஒரு கீறல் ஓடுது மொதலாளி. வெளையாட்டுதான்னு தெரியுது. ஆனா கீறல் மேல துண்டு வெக்க கை வர மாட்டேங்குது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவருக்கு.

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்து தேடினார். ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது.

ஹேமந்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதெல்லாம் ஒரு காரணமா சார்? அதே பெட்டி, அதே கண்ணாடி. நவீனும் அந்தக் கீறலப் பாத்துக்கிட்டேதானே ஆடுனான்? கண்டுக்காம ஆடுனான், ஜெயிச்சான். நீயே சாருக்குச் சொல்லு நவீன்."

நவீன் திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தக் கீறல் சார்?"