கரியமில வாயுவும் கடலோர வீடும்

லூயிஸ் வாத்தியார் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவேன் என்று ஒரு மாதமாகக் கெஞ்சிய குடித்தனக்காரர், இன்று சத்தமில்லாமல் மூட்டை கட்டுகிறார். வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு கருணை, வாயில் பிரெஞ்சு மரியாதை வேறு!

“பரவால்ல முசே, நல்லபடியா காலி பண்றீங்க. தை பொறந்ததும் பால் காய்ச்சி நான் குடி வந்துடறேன். கடல் காத்து ஒடம்புக்கு நல்லதாம்.”

புதுச்சேரி ஆலைகளுக்கெல்லாம் நிலக்கரி விற்று வளர்ந்த உடம்பு. காற்று வேண்டித்தானே இருக்கும்!

“தாராளமா வாங்க. நாங்க உசுரு பொழைச்சா போதும்னு கெளம்பறோம்,” என்றார் லூயிஸ்.

“ஏன், என்னாச்சு?”

“நிலக்கரி எரிஞ்சா கரியமில வாயு வருது. அது ஆகாசத்துல தங்கி, பூமியோட சூட்ட வெளிய வுடாம போத்தி வெக்குது. சூடு ஏற ஏற, துருவத்துல மலை மலையா இருக்கற பனி உருகி கடல் மேல ஏறும். காலேஜுல நான் நடத்தற பாடம்தான். பெரிய பெரிய விஞ்ஞானியெல்லாம் இப்ப இதத்தான் ஆராயறாங்க.”

தட்சிணாமூர்த்தி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். அது சமர்த்தாகத்தான் கிடந்தது.

“எப்போ வரும்?”

“சொல்லிட்டா வரும்? வந்தா இந்த வீடுதான் மொதல்ல.”

“தடுக்க வழியே இல்லியா?”

“இருக்கே. நிலக்கரி எரிக்கறத நிறுத்தணும்.”

“அட போங்க முசே! யாவாரத்த நிறுத்தறதா? வீடு போனா போவட்டும். நீங்களே இருந்துக்குங்க. நான் இப்ப இருக்கற முத்தியால்பேட்டை வீட்டுலயே கெடக்கறேன்.”

உலகத்தைக் காப்பாற்றக் கிடைத்த ஒரே வாய்ப்பை உதறிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் அந்தப் புண்ணியவான்.

அடுப்படியிலிருந்து சூசைமேரி அலறிக்கொண்டு வந்தாள். “ஏசுவே! நம்மள மட்டும் முழுவிச் சாவச் சொல்லிட்டுப் போறாரே! புள்ளைங்கள கூட்டிக்கினு எங்கனா போயிடலாங்க. கடல் எப்பங்க வரும்?”

லூயிஸ் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டினார்.

“இன்னும் நூறு வருஷம் ஆவும். அது கொள்ளுப்பேரனுங்க பாடு. நீ பெட்டிக் கயித்த அவுரு!”